ஒரு றவுட்டர், ஆறு கணினி: விண்டோஸ் பொலிசியோடு இரண்டு வருசம்

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட உள்ள எங்கள் சனசமூக நிலையத்தில் ஆறு கணினிகள், ஒரே 4ஜி றவுட்டர். பின்னேரங்களில் ஓ.எல், ஏ.எல் பிள்ளைகள் வந்து கடந்தகால வினாத்தாள்களை இறக்குவார்கள். பக்கேஜ் முடிந்தால் அடுத்த மாசம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தொடக்கத்தில் ஒவ்வொரு கணினியிலும் வைஃபை பெயரைத் திறந்து 'மீற்றர்ட் கனெக்‌ஷன்' போட்டுவிட்டேன். டேட்டா அளவானது, பெரிய அப்டேட்டுகளைத் தானாக இறக்காதே என்று விண்டோஸுக்குச் சொல்லும் செற்றிங் அது. ஏழெட்டு மாசம் ஒரு குறையும் இல்லை. பிறகு மின்னலில் றவுட்டர் போய், புதிசு வாங்கினோம். அந்தச் செற்றிங் கணினிக்கு உரியதல்ல, அந்த வைஃபை பெயருக்கு உரியது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஒரு பிள்ளை வந்து, "சேர், நெற் வருகுதில்லை" என்றாள். ஆறு கணினிகளும் ஒரே அப்டேட்டைத் தனித்தனியாக இறக்கியிருந்தன. பரீட்சை நெருங்கிய நேரம் அது. இன்னும் மனம் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் விண்டோஸ் எப்படி நடக்க வேண்டும் என்று விதி போடும் 'குரூப் பொலிசி'க்குள் இறங்கினேன். 'கொன்ஃபிகர் ஒட்டோமற்றிக் அப்டேற்ஸ்' என்பதில் 2ஆம் தெரிவு. இறக்குவதற்கு முதல் கேட்கும். 'டெலிவரி ஒப்ரிமைசேஷன்' பகுதியில் டவுன்லோட் மோட் 1. ஒரு கணினி இறக்கியதை மற்றவை நிலையத்துக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். மீற்றர்ட் போட்டிருந்தால் இந்தப் பகிர்வு நடக்காது. அதைக் கழற்ற வேண்டும் என்று பிடிபட எனக்கு இரண்டு மாசம் எடுத்தது. ஹோம் பதிப்பில் இந்தப் பொலிசிப் பக்கமே இல்லை, அதனால் ஒரு கணினிக்கு மட்டும் வழமையான செற்றிங்ஸில் பகிர்வைத் திறந்துவிட்டேன்.

அமெரிக்க நேரப்படி மாசத்தின் இரண்டாம் செவ்வாய் அப்டேட் வரும். இங்கே புதன் காலையில் வாசலோரக் கணினியை மட்டும் இறக்க விடுவேன். அது முடிந்த பிறகே மற்றவற்றைத் தொடுவேன். 'அக்ரிவிற்றி மொனிற்றர்' பக்கத்தில் எவ்வளவு வெளியிலிருந்து வந்தது, எவ்வளவு பக்கத்துக் கணினியிலிருந்து வந்தது என்று வட்டமாகக் காட்டும். முதல்முறை உள்ளே இருந்து வந்த பங்கு பெரிதாக நின்றதைக் கண்டபோது பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

2 ஜிபி றாம் உள்ள பழைய கணினி மட்டும் இந்தப் பகிர்வில் சேரவில்லை. அதற்கு வழமையாக 4 ஜிபியாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்ததும் அந்தக் கணினியை நெற்றிலிருந்து கழற்றிவிட்டேன். இப்போது சின்னப் பிள்ளைகள் அதில் தமிழ் தட்டச்சுப் பழகுகிறார்கள்.