யூரியாவா, தொழு உரமா? நீலகிரிச் சிறு தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு கணக்கு

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு இருக்கும் சில ஏக்கர் தேயிலையை இயற்கை முறைக்கு மாற்றிவிட்டோம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்பதால் இரண்டு முறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

ரசாயன முறையில் கொழுந்து அதிகம் வரும், வேலை குறைவு. இயற்கை முறையில் மண்ணுக்கும் குடிப்பவருக்கும் நல்லது. பறித்த கொழுந்தை ஆலையில் யாரும் கழுவுவதில்லை, அப்படியே வாடவைத்து அரைக்கிறார்கள். தெளித்த மருந்தின் மிச்சம் தூளிலும் வர வாய்ப்புண்டு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முடிவு செய்யவேண்டிய இடம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஏக்கருக்கு வருடத்தில் 45 கிலோ யூரியா மூட்டை நான்கு போட்டால் ஏறக்குறைய 83 கிலோ தழைச்சத்து கிடைக்கும். மானிய விலையில் மூட்டை 270 ரூபாய்க்கும் குறைவு. ஒரே ஆள் ஒரு நாளில் தூவி முடித்துவிடலாம். அதே சத்தை நூற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்து உள்ள தொழு உரத்தில் கொடுக்க 8 டன்னுக்கு மேல் வேண்டும். அதிலும் முதல் வருடம் செடிக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். ஒரு மாடு நாளுக்கு 10 முதல் 15 கிலோ சாணம் போடும், மக்கினால் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அப்படியானால் ஏக்கருக்கு நான்கு மாடாவது வேண்டும். உரத்தைச் சரிவில் தலைச்சுமையாக ஏற்றும் கூலி தனி. வெளியிலிருந்து லாரியில் வாங்கிப் போட்டால் கொழுந்துக் காசு அதிலேயே போய்விடும்.

போதிய மாற்று உரம் இல்லாமல் யூரியாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்த்தோம். 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்த முடிவெடுத்தார்கள், அந்தத் தடையை நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடியாக இறங்கியது. பொருளாதார நெருக்கடிக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் மாற்று உரம் கையில் இல்லாமல் யூரியாவை நிறுத்தினால் செடி பட்டினி கிடக்கும்.

அதனால் நாங்கள் உரத்தை முதலில் தயார் செய்தோம். கவாத்து வெட்டிய மிலாரை, அதாவது கிளை குச்சிகளை, விறகுக்கு எடுக்காமல் செடியடியிலேயே விட்டோம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் தழைச்சத்தைச் சேர்க்காது என்பதால் இடையிடையே முள்முருங்கை நட்டோம். வீட்டு மாட்டுச் சாணத்தோடு, குறைந்த எடையில் கூடுதல் சத்துள்ள வேப்பம் புண்ணாக்கும் கொஞ்சம். விளைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் யூரியா, களைக்கொல்லி, பூச்சிமருந்துச் செலவு நின்றது. களையைக் கொத்தாமல் அரிவாளால் அறுத்து அங்கேயே போடுவதால், கனமழையில் மண் வழிந்து ஓடுவது கண்கூடாகக் குறைந்திருக்கிறது.

யூரியா தொடர்ந்து போட்டால் மண்ணின் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும்தான், அதற்கும் ஓர் அளவு உண்டு. அளவு மீறினால் டோலமைட் என்ற சுண்ணாம்புப் பொடி போட்டுச் சரிசெய்ய வேண்டும், அது இன்னொரு செலவு. செடி எடுக்காத உரத்தில் ஒரு பகுதி நைட்ரேட்டாகக் கரைந்து ஓடைக்குப் போகிறது. இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. அது கரியமில வாயுவைவிட 250 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். நம் ஊற்றுத் தண்ணீரைத்தான் கீழே உள்ளவர்களும் குடிக்கிறார்கள். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

விலை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்கு மூன்று வருட மாற்றக் காலம் முடிந்த பிறகே இயற்கைச் சான்று. அதுவரை கொழுந்து சாதாரண விலைக்குத்தான் போகும். சான்று வந்த பிறகும், தனியாக வாங்கித் தனியாக அரைக்கும் ஆலை எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் கூடுதல் விலை கிடையாது. கூட்டுச் சான்றுக்குச் சேர்ந்தால் ஆளுக்குச் செலவு குறையும், ஆலையோடு பேசவும் பலம் இருக்கும்.

பூச்சி, நோய் பற்றி நான் அடித்துப் பேசமாட்டேன். கொப்புள நோய்க்கு இயற்கை முறையிலும் தாமிர மருந்தை அளவோடு அனுமதிக்கிறார்கள், எங்களுக்கு அது போதுமாக இருந்தது. கொழுந்தின் சாற்றை உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சி எங்கள் உயரத்தில் பெரிதாக வரவில்லை. கூடலூர் போன்ற தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் அங்கே செய்து பார்த்தவரிடம் கேளுங்கள். நூறு ஏக்கர் எஸ்டேட்டுக்கும் என் கணக்கு பொருந்தாது.

மாறுவதானால் கவாத்து வெட்டும் துண்டிலிருந்து தொடங்குங்கள். அங்கே சில மாதம் எப்படியும் கொழுந்து வராது, விளைச்சல் இழப்பு அதோடு சேர்ந்து போய்விடும். துண்டு துண்டாக மாற்றும் திட்டத்தைச் சான்று நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிந்துவிட்டு, இரண்டு கொழுந்தும் கலக்காமல் தனிக் கணக்கு வையுங்கள்.