எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்: பத்துக்கு எட்டு

தங்கச்சி மகளுக்கு 19 வயசு, தலைப்பிரசவம். அஞ்சாம் மாசம் ஹீமோகுளோபின் 8.2. குறைஞ்சது பதினொண்ணு இருக்கணுமாம். "இவளே வளர்ற பிள்ளை, வயித்துல இன்னொண்ணு. ரெண்டு பேருக்கும் ரத்தம் எங்கிருந்து ஊறும்?"னு நர்சம்மா என்னைத்தான் முறைச்சாங்க. கல்யாணத்துக்கு அவசரப்பட்டது நான் இல்லம்மா!

கட்டங்காப்பி நிறத்துல இரும்புச்சத்து ட்ரிப், நாலு தடவை. பைசா வாங்கலை. போறப்பல்லாம் பிரஷர் பார்த்தாங்க. மாசமா இருக்கறப்போ, அதுவும் இந்த வயசுல, ஏறினா வலிப்பு வரைக்கும் போகுமாம். எட்டாம் மாசம் முகம் வீங்கி 150/100 காட்டினதும் அப்பவே 108-ஐக் கூப்பிட்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. குழந்தை குறைமாசம், 1.9 கிலோ. நெஞ்சோட ஒட்டி வச்சே தேத்தினா. இப்போ 3 கிலோ.

ரெண்டு மார்க் குறைச்சது பெஞ்சு போதாததுக்கு. ஸ்கேன் அன்னைக்கு மாசமான பிள்ளைங்க படிக்கட்டுல உட்கார்ந்திருந்தாங்க.