ஜோகன்னஸ்பர்க் 2007, மும்பை 2011: தோனியின் இரு முடிவுகள்

இந்திய அணித் தலைவராகத் தோனி எடுத்த இந்த இரு முடிவுகளில் எது துணிந்த உள்ளுணர்வுக்குச் சிறந்த சான்று? 2007 இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுக்குக் கடைசி ஓவரில் 13 ரன்கள் தேவைப்பட, ஹர்பஜன் சிங்குக்கு ஓர் ஓவர் எஞ்சியிருந்தும் தோனி பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார். பாகிஸ்தான் மட்டையாளர் மிஸ்பா ஏற்கெனவே ஹர்பஜனின் ஓவரில் மூன்று சிக்ஸர்கள் விளாசியிருந்ததால் அதில் நியாயம் இருந்தது. ஆனால் முதல் பந்து அகலப்பந்து, பிறகு ஒரு சிக்ஸர். நான்கு பந்துகளில் ஆறு ரன்கள் போதும் என்ற நிலையில் மிஸ்பா பின்புறமாகத் தூக்கிய பந்து ஸ்ரீசாந்தின் கையில் விழுந்தது. அது இன்னும் சற்று விலகிப் பறந்திருந்தால் இன்று அந்த முடிவைத் தவறென்றே பேசியிருப்போம். அதிர்ஷ்டத்தின் பங்கு அங்கே பெரிது.

இலங்கைக்கு எதிரான 2011 ஒருநாள் உலகக் கோப்பை இறுதிப் போட்டி வேறு வகை. 275 ரன் இலக்கில் மூன்றாவது விக்கெட் 114 ரன்களில் விழுந்ததும், அத்தொடரில் ஓர் அரைசதம்கூட அடித்திராத தோனி, சிறப்பாக ஆடிவந்த யுவராஜுக்கு முன்பாகத் தாமே களமிறங்கினார். ஐ.பி.எல். சென்னை அணியில் உடன் ஆடிய இலங்கை வீரர் முரளிதரனின் சுழலை அவர் நன்கறிவார்; இடக்கையரான கம்பீருடன் வலக்கையர் ஒருவர் நிற்பதும் எதிரணியின் சுழற்பந்து வீச்சாளர்களுக்குச் சிரமம். ஆட்டமிழக்காமல் எடுத்த 91 ரன்களை எந்த ஒற்றைப் பந்தும் தீர்மானிக்கவில்லை என்பதால், துணிந்த உள்ளுணர்வுக்குச் சான்றாக நான் இதையே முன்வைப்பேன்.