ரொறன்ரோவில் டிரைவ்வே விதிவிலக்கு: கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ற் சேவை எப்படி?

ஸ்காபரோவில் ஒற்றைக் கராஜ் வீடு, வீட்டில் மூன்று கார். முன் புல்லில் ஒரு பகுதியை வெட்டி இன்ரர்லொக் பதித்தால் இரண்டு காரை அருகருகே விடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வரும். கல் பதிக்க வருகிறவர் "இதுக்குப் பேர்மிற் தேவையில்லை" என்பார். அது பாதி உண்மைதான். உங்கள் சொந்த நிலத்தில் தளம் போடுவதற்கு மட்டும் கட்டட அனுமதி வேண்டியதில்லை. ஆனால் நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் மாநகரின் 569-2013 இலக்கச் சோனிங் பைலோ, அனுமதி வேண்டிய வேலைக்கும் வேண்டாத வேலைக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். அயலவர் ஒருவர் மாநகரின் சேவை இலக்கமான 311க்கு அழைத்தால் பரிசோதகர் அளவு நாடாவோடு வந்து நிற்பார். அதன் பிறகுதான் பலர் கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ற் என்ற பெயரையே கேள்விப்படுகிறார்கள்.

இந்தக் குழு ஒன்ராறியோவின் திட்டமிடல் சட்டம் 45(1)ஆம் பிரிவின் கீழ் 'மைனர் வேரியன்ஸ்' எனப்படும் சிறு விதிவிலக்குகளைத் தருகிறது. ரொறன்ரோவில் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ யோர்க், ரொறன்ரோ கிழக்கு யோர்க் என்று பகுதிவாரியாக விசாரணை நடக்கிறது. நேர்மையான, திறந்த சேவை என்பதே எங்கள் மதிப்பீடு. ஆனால் ஆயத்தமில்லாமல் போனால் காசும் மாதங்களும் வீணாகும். உங்களிடம் எத்தனை கார் இருக்கிறது என்பதை அங்கே யாரும் பெரிதாக எடுப்பதில்லை. முன்முற்றத்தில் எவ்வளவு மண் மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

முதலில் செய்யவேண்டியது நில அளவைப் படத்தை விரித்துப் பார்ப்பது. நீங்கள் வாரந்தோறும் வெட்டும் புல் முழுவதும் உங்களுடையது அல்ல. பல தெருக்களில் உங்கள் எல்லைக்கோடு தெருவோரக் கல்விளிம்பான கேர்ப்பிலிருந்து பல மீற்றர் உள்ளே இருக்கும். இடைப்பட்டது மாநகரின் புலவாட். அந்தத் துண்டைப் பற்றி முடிவெடுக்கக் குழுவுக்கு அதிகாரமே இல்லை. கேர்ப்பை வெட்டி அகலிக்கப் போக்குவரத்துச் சேவைகள் பிரிவின் அனுமதி வேண்டும். முன்முற்றத்திலும் புலவாட்டிலும் கார் விட உரிமம் தருவது வேறொரு சட்டம், மாநகரக் கோவையின் 918ஆம் அத்தியாயம். குழுவிடம் வென்று, கேர்ப் அனுமதியில் தோற்றுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்டிப் பார்க்கவேண்டும். இந்த இரண்டையும் ஒரே படிவத்தில் இணைக்காதது இந்தச் சேவையின் பெரிய குறை.

அடுத்தது கணக்கு. பைலோவின்படி டிரைவ்வேயின் அகலம், வீட்டு முன்சுவருக்குப் பின்னால் அருகருகே எத்தனை கார் நிற்க இடமுண்டோ அந்த அகலத்தைத் தாண்டக்கூடாது. சாதாரண வளவுகளில் உச்சம் 6 மீற்றர். ஒரு காருக்கான இடம் 2.6 மீற்றர் அகலம், 5.6 மீற்றர் நீளம். பக்கத்தில் சுவர் போன்ற தடை இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 0.3 மீற்றர் கூட்டவேண்டும். ஆகவே ஒற்றைக் கராஜ் என்றால் ஒரு காரின் அகலம்தான் உங்கள் உரிமை. அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் விதிவிலக்கு.

பசுமைக் கணக்கு இதைவிட நுட்பமானது. வளவின் முகப்பு 6 முதல் 15 மீற்றருக்குள் இருந்தால் முன்முற்றத்தின் 50 வீதம் லான்ட்ஸ்கேப்பிங் ஆக, அதாவது செடிகொடியோ நடைபாதை, அலங்காரக் கல் போன்றவையோ ஆக, இருக்கவேண்டும். 15 மீற்றரும் அதற்கு மேலும் என்றால் 60 வீதம். அப்படித் தேவைப்படும் பரப்பில் 75 வீதம் 'மென்' பசுமையாக, அதாவது புல், செடி, மரம், பூப்பாத்தி, காய்கறிப் பாத்தியாக இருக்கவேண்டும். இன்ரர்லொக் நடைபாதையும் அலங்காரக் கல்லும் மென்பசுமை ஆகாது. செயற்கைப் புல்லும் ஆகாது. வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டியதால் எதுவும் பசுமை ஆகிவிடாது என்பதைச் சில வரைவாளர்கள் இன்னும் உணரவில்லை.

ஓர் உதாரணம். முகப்பு 12 மீற்றர், முன்முற்ற ஆழம் 6 மீற்றர், பரப்பு 72 சதுர மீற்றர். தேவையான லான்ட்ஸ்கேப்பிங் 36, அதில் மென்பசுமை 27. மூன்று மீற்றர் டிரைவ்வேயை 5.2 ஆக்கினால் அது 31.2 சதுர மீற்றர் பிடிக்கும், 40.8 மிஞ்சும். வாசல் படிக்கும் திண்ணைக்கும் 4 போனால் 36.8. மொத்தக் கணக்கு தப்பியது. 1.2 மீற்றர் நடைபாதைக்கு 7.2 கழித்தால் மென்பசுமை 29.6. அதுவும் தப்பியது. இந்த இடத்தில் நின்றால் அகலத்துக்கும், முன்முற்றத்தில் கார் நிற்பதற்கும் மட்டும் விதிவிலக்குக் கேட்டால் போதும். ஆனால் கார்க் கதவு திறக்கட்டும் என்று டிரைவ்வே ஓரமாக 60 சென்ரிமீற்றர் கல் வரிசை ஒன்றைச் சேர்த்தால் இன்னும் 3.6 போய் மென்பசுமை 26 ஆகும். புதிதாக ஒரு மீறல். அந்தக் கல் டிரைவ்வேயின் நிறத்திலேயே இருந்தால் பரிசோதகர் அதையும் டிரைவ்வே அகலத்தில் சேர்த்து அளக்கக்கூடும். ஒரு முழம் கல்லுக்காக விண்ணப்பம் முழுவதையும் பலவீனப்படுத்தவேண்டாம். அந்த ஓரத்தில் புல்லை விட்டால் பனிக்காலத்தில் சவளால் அள்ளும் பனியைக் குவிக்கவும் இடம் கிடைக்கும்.

இந்தக் கணக்கில் மாநகரம் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் தண்ணீர். 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. எத்தனையோ பேஸ்மென்ற்கள் மூழ்கின. கல்லில் விழும் மழை நேரே வடிகாலுக்கு ஓடும். புல்லில் விழுவது மண்ணுக்குள் இறங்கும். இதே காரணத்தால்தான் தெருவிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து கராஜுக்குள் இறங்கும் டிரைவ்வேக்கும் தடை. கராஜ் வாசலின் மிகத் தாழ்ந்த புள்ளி, டிரைவ்வே வளவின் எல்லையைத் தொடும் இடத்தின் நடுமட்டத்தைவிட உயரமாக இருக்கவேண்டும். இந்த ஒரு விதிக்கு விதிவிலக்குக் கேட்காதிருப்பதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. கிடைத்தாலும் அது உங்கள் வீட்டுக்குள் தண்ணீரை அழைத்துவரும் வழி.

விண்ணப்பத்துக்கு முன் சோனிங் மீளாய்வு ஒன்றைக் கேட்கலாம். எந்தெந்த விதி எவ்வளவு மீறப்படுகிறது என்று பரிசோதகர் எழுதித் தருவார். வேண்டாம் என்றால் ஒரு படிவத்தில் கையொப்பமிட்டு மீறல்களை நீங்களே பட்டியலிடலாம். நேரம் மிச்சம்தான். ஆனால் ஒன்றைத் தவறவிட்டால், அனுமதி கிடைத்த பிறகும் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும். டிரைவ்வே வேலைக்கு அந்தச் சிக்கனம் ஏற்றதல்ல. விண்ணப்பத்தோடு அளவைப் படம், மீற்றர் அளவில் தளவரைபடம், பசுமைக் கணக்கு அட்டவணை, மரப் பிரகடனப் படிவம், கட்டணம் எல்லாம் போகவேண்டும். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், மாநகரத் தளத்தில் அன்றைய தொகையைப் பாருங்கள். மறுத்தாலும் அந்தக் காசு திரும்பாது.

மரத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஸ்காபரோவின் பழைய தெருக்களில் பல விண்ணப்பங்கள் சரிவது அங்கேதான். தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளந்து 30 சென்ரிமீற்றருக்குக் குறையாத விட்டமுள்ள மரம் உங்கள் நிலத்திலேயே நின்றாலும் மாநகரக் கோவையின் 813ஆம் அத்தியாயம் அதைக் காக்கும். தெருவோர மரம் எந்தப் பருமனாக இருந்தாலும் காக்கப்படும். வெட்டினால்தான் குற்றம் என்று நினைக்கவேண்டாம். வேர்ப் பகுதியைத் தோண்டிச் சரளை நிரப்பினாலும் அது மரத்துக்குச் செய்யும் கேடுதான். தளவரைபடத்தில் மரத்தைக் காட்டாமல் விட்டால் நகர வனப் பிரிவு எப்படியும் கண்டுபிடிக்கும், உங்கள் மற்றக் கணக்குகள் மீதும் சந்தேகம் விழும்.

விசாரணையில் நான்கு சோதனைகள். கேட்பது சிறிதா, நிலத்தைப் பயன்படுத்தப் பொருத்தமானதா, சோனிங் பைலோவின் நோக்கத்துக்கு இசைகிறதா, மாநகரின் வளர்ச்சிக்கு வழிகாட்டும் உத்தியோகபூர்வத் திட்டத்தின் நோக்கத்துக்கு இசைகிறதா. 2005இல் டீகஸ்பெரிஸ் வழக்கில் ஒன்ராறியோ டிவிஷனல் நீதிமன்றம், நான்கையும் தனித்தனியாக ஆராயவேண்டும் என்று சொன்னது. ஆகவே உங்கள் கடிதத்திலும் நான்கு தலைப்பு இருக்கட்டும். "பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கார் கூடிவிட்டது" என்பது எந்தத் தலைப்பின் கீழும் வராது. "டிரைவ்வே 5.2 மீற்றர், மென்பசுமை 29.6, தேவை 27, மரம் எதுவும் தொடப்படவில்லை, மழைநீர் அயலவர் பக்கம் ஓடாது" என்பது எல்லாவற்றின் கீழும் வரும்.

அறிவித்தல் 60 மீற்றருக்குள் உள்ள வீடுகளுக்குப் போகும், வாசலிலும் பலகை நிற்கும். அதற்கு முன்பே அயலவரின் கதவைத் தட்டி வரைபடத்தைக் காட்டுவது நல்லது. பேச உங்களுக்கு ஐந்து நிமிடம். கோப்பு முழுவதும், மற்றப் பிரிவுகளின் கருத்துகள் உட்பட, இணையத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே தெருவில் முன்னர் எது அனுமதிக்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்றும் தேடிப் பார்க்கலாம். இந்த வெளிப்படைத்தன்மைதான் இச்சேவையில் எங்களுக்கு மிகவும் பிடித்த விடயம். திட்டமிடல் அல்லது போக்குவரத்துப் பிரிவு எதிர்த்து எழுதியிருந்தால் விசாரணையை ஒத்திவைக்கக் கேட்டு வரைபடத்தைத் திருத்துங்கள். எதிர்ப்பறிக்கையோடு உள்ளே போவது புத்தியல்ல. கல் ஏற்கெனவே பதித்தாயிற்று என்ற வாதமும் எடுபடாது. இன்னும் பதிக்காதது போலவே குழு அதைப் பார்க்கும்.

கடை வளாகங்களின் தரிப்பிடத்துக்கும் இதே வழிதான், ஆனால் அங்கே இளக்கம் குறைவு. செங்குத்தாகக் கார் நிற்கும் வரிசைகளுக்கு இடையே ஓடுபாதை 6 மீற்றர் வேண்டும். மாற்றுத்திறனாளர் இடம் 3.4க்கு 5.6 மீற்றர், அதன் பக்கத்தில் 1.5 மீற்றர் நடைவழி. அந்த 1.5இல் ஒரு வண்டிக்கு இடம் எடுக்கப் பார்க்கும் வரைபடங்களை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். சக்கர நாற்காலி இறங்குவது அங்கேதான்.

மறுத்தால் தீர்மானம் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் ரொறன்ரோ உள்ளூர் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். 2022இல் வந்த பில் 23க்குப் பிறகு சாதாரண அயலவர் இப்படி மேன்முறையீடு செய்ய முடியாது, விண்ணப்பதாரர் செய்யலாம். அனுமதி கிடைத்தாலும் அந்த 20 நாள் கழிந்து தீர்மானம் இறுதியானது என்ற கடிதம் வரும்வரை பொறுங்கள். அதைக் கொண்டுபோய்ப் போக்குவரத்துப் பிரிவில் கேர்ப் அனுமதியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே கல் பதிப்பவருக்கு முற்பணம் கொடுங்கள்.