குடல் பிரச்சினைக்கு ஆன்லைன் டயட்: 18,500 ரூபாய் போனது, வயிறும் கெட்டது

நேற்று ராத்திரி அந்த ஆன்லைன் டயட் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதுதான் காரணம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஐபிஎஸ் (புண், கட்டி எதுவும் இல்லாமலே குடல் தொந்தரவு தருகிற நோய்) இருக்கிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு நாலு வருடமாக இந்தத் தொந்தரவு. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு உப்பும், பிடித்து இழுக்கும், உடனே ஓடியாக வேண்டும். அவிநாசியிலிருந்து திருப்பூருக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியே பழகிவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்காரப் பயம். கோவையில் ஒரு குடல் மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, "புண் இல்ல, கட்டி இல்ல, இது ஐபிஎஸ்தான். சாப்பாட்டுல பத்தியமா இருங்க" என்றார். என்ன பத்தியம் என்று நான் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அது தெரியாமல்தான் இவர்களிடம் போய் மாட்டினேன்.

போனில் ஒரு விளம்பரம் வந்தது. குடல் ஆரோக்கியத்துக்கு 90 நாள் உணவுத் திட்டம், எல்லாம் ஒரு செயலி வழியாக. நம்பரைக் கொடுத்த பத்து நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். முக்கால் மணி நேரம் பேசினாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறீர்கள், தூக்கம் வருகிறதா, ஆபீசில் டாய்லெட் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில், "நாலு வருஷமா இதை வச்சுக்கிட்டு எப்படிக்கா வேலைக்கும் போறீங்க?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில்கூட யாரும் அப்படிக் கேட்டதில்லை. அத்தை, "எல்லாம் நெனப்புதான்" என்று முடித்துவிடுவார். அந்த ஒரு கேள்வியை நம்பித்தான் போனை வைப்பதற்குள் 18,500 ரூபாயை அனுப்பினேன். பையனின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.

வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போனார். எந்த உணவு நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று ரத்தத்தில் ஐஜிஜி என்கிற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்துச் சொல்லும் டெஸ்ட்டாம். ரிப்போர்ட்டில் சிவப்பு நிறத்தில் இருந்தவை: அரிசி, துவரம்பருப்பு, தேங்காய், தயிர், முட்டை. எங்கள் வீட்டில் தினமும் சமைக்கிறது மொத்தமும் அதில் இருந்தது. பச்சையில் ஆப்பிள், காளான், ராஜ்மா. நான் எப்போதாவது தொடுகிறவை. பார்த்தவுடன், "அட, இத்தனை வருடமும் தப்பாகச் சாப்பிட்டிருக்கிறோமே" என்றுதான் நினைத்தேன். அந்த டெஸ்ட் காட்டுவது நாம் அடிக்கடி என்ன சாப்பிடுகிறோம் என்பதைத்தான், அது உடம்பின் சாதாரண வேலை என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008-லேயே, கனடா நாட்டுச் சங்கம் 2012-லேயே இந்த டெஸ்ட்டை நம்பி உணவை ஒதுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கின்றன.

அரிசியை நிறுத்தினேன். காலையில் ஆப்பிள், மதியம் ராஜ்மா, ராத்திரி காளான் சூப். கூடவே அவர்கள் அனுப்பிய 'குடல் பவுடர்' தினமும் இரண்டு ஸ்பூன். ஐந்தாம் நாளே வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை போனேன். எழுதிக் கேட்டால், "டாக்ஸின் வெளியேறுதுக்கா, நல்ல அறிகுறி" என்று பதில். பத்து நாள் கழித்துக் கேட்டதற்கு, "தண்ணி நிறையக் குடிங்க." மறுபடி கேட்டேன். அந்தப் பெண் வேலையில் இல்லை, இனி வேறொருவர் பார்ப்பார் என்றார்கள். புதிதாக வந்தவருக்கு என் பெயரே தெரியவில்லை, "உங்க பிரச்சினை என்னங்க?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த முக்கால் மணி நேரம் நான் சொன்னதை யாரும் ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை. ஒரு மாதத்தில் நாலு கிலோ இறங்கினேன். பணத்தைக் கேட்டதும், "பிளானை நீங்க சரியா ஃபாலோ பண்ணல" என்றார்கள். அப்புறம் லேப் கட்டணம் திரும்பாது, அப்புறம் ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும். கடைசியில் குழுவிலிருந்தே நீக்கம். 18,500 ரூபாய்க்கு இதுதான் மரியாதை.

போன வாரம் அதே கோவை மருத்துவமனையில் உணவியல் நிபுணரைப் பார்த்தேன். கட்டணம் 400 ரூபாய். அந்தம்மா பவுடர் டப்பாவைத் திருப்பிப் பார்த்து ஒரு சொல்லின் மேல் விரல் வைத்தார்: இனுலின். சிக்கரி வேரிலிருந்து எடுக்கிற நார்ச்சத்து. வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கிற ஃப்ரக்டான் வகையைச் சேர்ந்தது. குடலில் செரிக்காமல் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்கும். ஆப்பிள், காளான், ராஜ்மாவும் வெவ்வேறு வகையில் அதே வேலையைத்தான் செய்யும். என்னை உப்ப வைக்கிற சாமானாகப் பார்த்துப் பொறுக்கி எனக்கே விற்றிருக்கிறார்கள்! ஒதுக்கச் சொன்ன அரிசிச் சோறுதான் ஐபிஎஸ்காரர்களுக்கு அநேகமாக ஒத்துக்கொள்கிற உணவாம்.

அவர் சொன்னது மெல்போர்னில் இருக்கிற மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான லோ ஃபாட்மேப் முறை, அதாவது குடலில் இப்படிப் புளித்து வாயு உண்டாக்குகிற சர்க்கரை, நார் வகைகளைக் குறைத்துச் சாப்பிடுவது. இரண்டிலிருந்து ஆறு வாரம்வரைதான் ஒதுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஆகவில்லை என்று பார்க்க வேண்டும். 90 நாள் பட்டினி கிடையாது. பூண்டு வாசம் வேண்டுமென்றால் எண்ணெயில் பூண்டை வதக்கிவிட்டுப் பூண்டை மட்டும் எடுத்து வீசிவிடலாம், ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. குழம்பில் போட்டால் தண்ணீரில் இறங்கிவிடும், பிறகு பூண்டை ஒதுக்கிப் பிரயோஜனமில்லை. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. சிறிது இசப்கோல். ஆறு நாளாகச் சோறு சாப்பிடுகிறேன், பரவாயில்லை.

நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சில. ஐஜிஜி டெஸ்ட் என்றால் பணம் கட்டாதீர்கள். எந்தப் பவுடரானாலும் லேபிளில் இனுலின், சிக்கரி இருக்கிறதா என்று பாருங்கள். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் (கோதுமையில் இருக்கிற குளூட்டன் புரதத்தால் குடல் கெடுகிற நோய்) டெஸ்ட் எடுத்துவிடுங்கள், நிறுத்திய பிறகு எடுத்தால் சரியாகத் தெரியாது. மலத்தில் ரத்தம், ராத்திரியில் எழுப்புகிற வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் டயட் தேட வேண்டாம், டாக்டரிடம் போங்கள். போனில் அன்பாகப் பேசுகிறவரிடம் அன்றைக்கே பணம் அனுப்பாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று மதியம் புகார் பதிந்துவிட்டேன். ஆன்லைனில் விற்கிறவர்கள் புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அந்தக் கம்பெனியிடமிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு மெசேஜ்: "உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது." பவுடர் டப்பா இரண்டையும் குப்பையில் வீசப் போனேன். புகாருக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர் வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்.