சிட்லபாக்கம் பக்கம் வார இறுதிச் சாப்பாடு: கடையைத் தேடுமுன் காலண்டரைப் பாருங்கள்

சென்னையின் தெற்குப் புறநகரில் குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்பாக்கம் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் தண்ணீர் எப்படி என்று கேட்பார்கள். அதற்கடுத்த கேள்வி, ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிட நல்ல கடை எது என்பது. 2017இல் நாங்கள் இங்கே வந்ததிலிருந்து சனி, ஞாயிறில் ஒரு வேளையாவது வெளியே சாப்பிடுவது வீட்டு வழக்கம். அதனால் இந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் கடைப் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. இங்கே பாதிக் கடைகளுக்குப் பேரே கிடையாது. பேர் இருக்கிற மீதிப் பாதியில் மாஸ்டர் மாறினால் ருசியும் கூடவே போய்விடும். இத்தனை வருடம் சாப்பிட்டதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணி, என்ன மாசம், என்ன திதி என்பதுதான் இலையில் விழுவதைத் தீர்மானிக்கிறது.

பிரியாணியிலிருந்தே ஆரம்பிக்கலாம். இந்த வட்டாரத்தில் மூன்று வகை கிடைக்கும். சீரக சம்பாவும் காய்ந்த மிளகாய் விழுதும் போட்ட ஆம்பூர் வகை, கறியைச் சின்னச் சின்னதாக நறுக்கிப் போடும் திண்டுக்கல் வகை, பாஸ்மதியில் செய்யும் பாய் வீட்டுக் கல்யாண வகை. மூன்றுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள், சண்டை தீராது. என் ஓட்டு ஆம்பூருக்கு, கூட வருகிற எண்ணெய்க் கத்தரிக்காய்க்காகவே.

எந்த வகையானாலும் அண்டாக் கணக்கு ஒன்றுதான். நான் போகிற கடையில் பதினொன்றரைக்கு முதல் அண்டாவைத் தம் உடைப்பார்கள். மூடி மேல் கிடக்கும் தணலை வழித்து ஒரு தகரத்தில் கொட்டிவிட்டு, துணியைச் சுற்றிப் பிடித்து மூடியை மாஸ்டருக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் தூக்குவார்கள், ஆவி முகத்தில் அடிக்காமல் இருக்க. கரண்டி உள்ளே போகாது. ஒரு சின்னத் தட்டை எடுத்து ஓரத்திலிருந்து சீவினாற்போல் மாஸ்டர் சோற்றை எடுப்பார். குத்திக் கிளறினால் சம்பா அரிசி உடைந்துவிடும். முதல் ஆளாக நிற்கிறவருக்கு மேல்சோறுதான் அதிகம் விழும். பன்னிரண்டு, பன்னிரண்டேகாலுக்குப் போனால் அண்டா நடுவுக்கு வந்திருக்கும். சோறும் மசாலாவும் கறியும் சரிசமமாக விழும் நேரம் அது. ஒன்றே முக்காலுக்கு ரெண்டாவது அண்டா திறக்கும்போது வெளியே டோக்கனோடு பெரிய கூட்டம் நிற்கிறது, டெலிவரிப் பையன்கள் வேறு அவசரப்படுத்துகிறார்கள். தம்மில் இருக்கவேண்டிய நேரத்தில் கொஞ்சம் அந்த அவசரத்துக்குப் போய்விடும். சோறு வெந்திருக்கும், கறிக்குள் உப்பு இறங்கியிருக்காது. மூன்று மணிக்கு மேல் போவதென்றால் குஸ்காவும் முட்டையும் வாங்கிக்கொண்டு வருவது மேல்.

அப்புறம் காலண்டர். ஞாயிற்றுக்கிழமையில் அமாவாசையோ கிருத்திகையோ விழுந்தால் எங்கள் பக்கத்துப் பிரியாணிக் கடைகளில் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். புரட்டாசி முழுக்கவே அப்படித்தான். 2025 செப்டம்பர் 21 ரெண்டும் சேர்ந்துவந்த ஞாயிறு. புரட்டாசி 5, அன்றே மகாளய அமாவாசை. கடையில் ஒரே ஒரு அண்டா, அதுவும் சின்னது. கல்லாவில் இருந்த பாய் என்னைப் பார்த்து, "என்ன சார், இன்னிக்கு அமாவாசையாச்சே, வீட்ல விட்டாங்களா?" என்றார். வீட்டில் சொல்லவில்லை பாய் என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு துண்டு கூடப் போடச் சொன்னார். கூட்டமில்லாத நாளில் அவசரம் இல்லாமல் தம் போடுவதால், வருடத்தில் நான் சாப்பிட்ட நல்ல பிரியாணிகள் பலவும் இப்படிப்பட்ட நாட்களில் சாப்பிட்டவைதான். இதற்கு நேர் எதிர், புரட்டாசி முடிந்து வருகிற முதல் ஞாயிறு. ஒரு மாதம் விரதம் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் கிளம்புவார்கள். கறிக்கடையில் தொடங்கி பிரியாணிக் கடை வரை தெருவுக்குத் தெரு வரிசை. அன்றைக்கு நான் வீட்டில் தயிர்சாதம்.

சரி, மீன். ஞாயிறு மதியம் மீன் குழம்புச் சாப்பாடு போடுகிற மெஸ்கள் ராஜகீழ்பாக்கம், கேம்ப் ரோடு பக்கம் நாலைந்து உண்டு. சாப்பாட்டுக்கு மூன்று குழம்பு: மீன், கருவாடு, இன்னொன்று பெரும்பாலும் நண்டு என்று பேர் வைத்த மசாலாத் தண்ணீர். வறுத்த வஞ்சிரத் துண்டை ஒரு தட்டில் அடுக்கி மேசைக்கு மேசை காட்டிக்கொண்டு வருவார்கள். அந்தத் தட்டைப் பார்த்ததும் எடுத்துவிடாதீர்கள், விலையைக் கேளுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. கேட்காவிட்டால் பில்லில் சாப்பாட்டை விடத் துண்டு பெரிதாகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் தட்டில் வருகிற பெரிய மீன் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாகவோ கிடங்கில் இருந்ததாகவோ இருக்கும். ஜூனில் மேற்குக் கரைக்கும் தடை தொடங்கிவிடுவதால் இன்னும் மோசம். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் கரையோரச் சின்ன மீன்கள் மட்டும் புதுசாகக் கிடைக்கும். கோடையில் நெத்திலி வறுவல் கேளுங்கள், சங்கரா இருந்தால் கேளுங்கள். வஞ்சிரத்துக்கு ஆடி பிறக்கட்டும்.

ராத்திரி என்றால் பரோட்டா. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். எல்லாரும் பரோட்டாவைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், நான் சால்னாவைப் பார்க்கிறேன். பரோட்டா எந்தக் கடையிலும் கல்லிலிருந்து எடுத்து நாலைந்தை ஒன்றாக அடுக்கி ரெண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டினால் உதிரத்தான் செய்யும். சால்னா அப்படியில்லை. ஆறரை மணிக்கு அது இப்போதுதான் இறக்கியதுபோல் இருக்கும். தேங்காயும் சோம்பும் தனித்தனியாகத் தெரியும், தண்ணீராக ஓடும். எட்டு மணிவாக்கில், பின்னடுப்பில் கொதித்துக்கொண்டே கிடந்து, மேலே எண்ணெய் பிரிந்து, கரண்டியில் ஒட்டுகிற பதத்துக்கு வரும். அதுதான் நேரம். ஒன்பதரைக்கு மேல் சட்டி பாதியாகிவிட்டால் ஒரு சொம்பு வெந்நீரும் ஒரு கரண்டி மிளகாய்த்தூளும் உள்ளே போவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், ஒரு கடையில் அல்ல, பல கடைகளில். பத்து மணிக்குப் பரோட்டா வேண்டுமென்றால் கொத்துப் பரோட்டாவாகச் சொல்லிவிடுவது நல்லது. அதில் சால்னாவின் குறை வெங்காயத்திலும் முட்டையிலும் மறைந்துவிடும். அரைவேக்காட்டில் எடுக்கும் முட்டைக் கலக்கியை மட்டும் எந்த நேரத்திலும் நம்பலாம்.

ஞாயிறு காலைக்கு வருவோம். ஒரு காலத்தில் குப்பைமேட்டோடு கிடந்த சிட்லபாக்கம் ஏரியை ஊர்க்காரர்கள் விடாமல் போராடியும் அரசு பணம் ஒதுக்கியும் சீர்செய்து, கரையில் நடைபாதை போட்டபிறகு, காலைக் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. நடந்து முடித்தவர்களுக்கு அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, முடக்கத்தான் சூப். நடைக்கு வந்த முக்கால்வாசிப் பேர் சூப்பைக் குடித்துவிட்டு நேராக வடகறி சாப்பிடப் போவதும் உண்டு. நானும் அந்தக் கட்சி. வடகறிக்கு முதல்நாள் சாயந்தரம் மிஞ்சிய பருப்பு வடைதான் மூலப்பொருள். சனிக்கிழமை சாயந்தரம் மழை பெய்தால் வடை மிஞ்சும், ஞாயிறு வடகறி கெட்டியாக இருக்கும் என்பது என் சொந்த ஆராய்ச்சி முடிவு. வெயில் வாரங்களில் அது பெரும்பாலும் குருமாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் போடுகிற கடைகள் ஏழு மணிக்கே சுறுசுறுப்பாகிவிடும். எட்டரைக்குமேல் போனால் கால் இருக்காது, சூப்புதான் இருக்கும்.

இனிப்புக் கடைகள், கேக் கடைகள், பலகையில் சாக்கட்டியால் ஆங்கிலம் எழுதிவைத்த காபிக் கடைகள் ஏராளமாக வந்துவிட்டன. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. டீ 15 ரூபாய் ஆனதே எனக்கு இன்னும் செரிக்கவில்லை, அங்கே போய் என்ன செய்ய?

குடும்பத்தோடு ஏசியில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டல்கள் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். பில்லை முழுசாகப் படியுங்கள். சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அது சரி. அதற்குமேல் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தால், அதைக் கட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இந்தப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் அந்தத் தொகையை எடுக்கச் சொன்னேன். சூப்பர்வைசர் முதலில் "சிஸ்டம்ல அப்படித்தான் வருது சார்" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடட்டுமா என்று கேட்டதும் சிஸ்டம் திருந்திவிட்டது. சாப்பாடு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. திரும்பப் போகவில்லை.

கிரில் சிக்கன், ஷவர்மா கடைகளைப் பொறுத்தவரை ஒரு மாற்றம் நல்லதற்கே நடந்தது. பச்சை முட்டையில் அடித்த மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஒரு வருடத்துக்குத் தடை போட்டபிறகு, நான் பார்த்த கடைகள் முட்டை இல்லாத பாக்கெட் சரக்குக்கு மாறிவிட்டன. பழைய ருசி போச்சு என்று பையன் புலம்புகிறான். பச்சை முட்டை, மே மாத வெயில், தள்ளுவண்டி, இந்த மூன்றையும் சேர்த்து யோசித்தால் எனக்கு அந்தப் புலம்பல் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் பல்லாவரம் சந்தையையும் வார இறுதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய டிரங்க் ரோட்டில் செடி, புறா, ஓட்டை மிக்சி, ஒற்றைக் கால் நாற்காலி என்று எல்லாம் பார்த்து நடந்தால் பசி தானாக வரும். சாப்பாட்டுக்கென்று தனியாகப் போகிற இடமில்லை. வெள்ளி ராத்திரி பெருங்களத்தூர் பக்கம் ஊருக்குப் போகிறவர்களை நம்பி நடந்த இட்லி, முட்டை தோசைக் கடைகளை ஒருகாலத்தில் மிகவும் ரசித்தேன். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபிறகு அந்தக் கூட்டம் குறைந்துவிட்டது. எனக்குப் பழக்கமான வண்டி ஒன்று இடம் மாறிவிட்டது, எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் மாறும். பெரிய மழை பெய்தால் செம்பாக்கம், சிட்லபாக்கம் தெருக்களில் தண்ணீர் நிற்கும், தள்ளுவண்டிகள் வராது. அந்த வாரங்களில் பார்சல்தான். வண்டியை எடுக்க முடிந்தால் ஆப்பில் ஆர்டர் போடுவதைவிட நேரில் போய் வாங்குவது நல்லது. கடை விலையும் ஆப்பில் காட்டுகிற விலையும் பல கடைகளில் வேறுவேறு. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபிறகு சில கடைகள் ஒழுங்காக வாழை இலைக்கு மாறின, சில கடைகள் இன்னமும் சால்னாவைக் கவரில்தான் கட்டிக்கொடுக்கின்றன, சூடாகவே. போகும்போது ஒரு தூக்குவாளி எடுத்துக்கொண்டு போங்கள். கவரில் ஒரு கரண்டி ஊற்றுகிற மாஸ்டர், வாளியைப் பார்த்தால் ரெண்டு ஊற்றுவார்.