ஹாவொர்த் போகிறவர்கள் கவனத்துக்கு: ‘வுதரிங் ஹைட்ஸ்’ வீடு என்று வேறொரு இடிந்த கொட்டகையைக் காட்டினார்கள்

மூன்று வாரமாக இதை எழுதாமல் வைத்திருந்தேன். பணம் திரும்பி வந்த பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் கோடை விடுமுறை நெருங்குகிறது. ஊரிலிருந்து அம்மா அப்பாவை வரவழைத்து இங்கிலாந்தைச் சுற்றிக் காட்டப்போகும் குடும்பங்கள் பல. அந்த விளம்பரமும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. பாளையங்கோட்டையில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எம்.ஏ. வகுப்புக்கு எமிலி பிராண்ட்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலை வருஷக்கணக்கில் நடத்தியிருக்கிறார். 1847இல் அந்த ஒரே நாவலை வெளியிட்டுவிட்டு, மறு வருஷம் டிசம்பரில் முப்பது வயதில் எமிலி இறந்துபோனாள். அந்த இடம் வரும்போது அப்பாவின் குரல் கம்மிவிடும் என்று அவருடைய பழைய மாணவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் வந்து இறங்கிய மறுநாளே அவர் கேட்டது ஒன்றுதான்: “அந்த வீடு இருக்கிற மேட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வந்திடணும்மா.”

அவர் சொன்ன வீடு டாப் விதென்ஸ். மேற்கு யார்க்‌ஷயரில், பிராண்ட்டி சகோதரிகள் வாழ்ந்த ஹாவொர்த் ஊருக்கு மேலே, காற்றடிக்கும் மேட்டுநிலத்தில் நிற்கும் பழைய பண்ணை வீடு. கூரை போய்விட்டது, கல் சுவர்கள் மட்டும் இருக்கின்றன. நாவலில் வரும் வீட்டுக்கு இந்த இடம்தான் எமிலியின் மனதில் இருந்திருக்கலாம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

இணையத்தில் தேடியபோது முதலில் வந்தது அந்த நடைப்பயண விளம்பரம். பக்கத்துக் கிராமமான ஸ்டான்பரியில் ஒரு பப்பில் கூடி, வழிகாட்டியோடு பண்ணை வீடு வரை நடந்து, திரும்பி வந்து அதே பப்பில் சூடான மதிய உணவு. தலைக்கு 49 பவுண்டு. எட்டுப் பேருக்கு மேல் கிடையாது, வயதானவர்களின் வேகத்துக்கு நடப்போம், வீட்டுக்குள் நுழைந்து பார்க்கலாம் என்றெல்லாம் எழுதியிருந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் போன் செய்து கேட்டேன். கவலையே வேண்டாம், எழுபதைத் தாண்டியவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள் என்றார்கள். அம்மா, அப்பா, நான் என மூன்று பேருக்கு 147 பவுண்டு கட்டினேன்.

காலை 11 மணிக்கு வரச் சொன்னார்கள். வழிகாட்டி வந்தபோது மணி 11.50. எண்ணிப் பார்த்தேன், பதினேழு பேர் இருந்தோம். பப்பில் இருந்த அம்மாளிடம் மதியச் சாப்பாடு பற்றிக் கேட்டால், அப்படி ஒரு முன்பதிவே தங்களிடம் இல்லை, சமையலறை இரண்டரைக்கு மூடிவிடும் என்றார். வழிகாட்டியிடம் சொன்னேன். எல்லாம் பேசியாயிற்று என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் நடந்த வேகத்துக்கு இளைஞர்களே மூச்சு வாங்கினார்கள். சுண்ணாம்பு இல்லாமல் கல் மேல் கல் அடுக்கிய சுவர்களுக்கு நடுவே பாதை ஏறிப்போகிறது. அப்பா கைத்தடியோடு பின்தங்க, அம்மா அவர் கையைப் பிடித்துக்கொள்ள, நான் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அந்த மனிதர் நின்று திரும்பிப் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் நடந்திருப்போம். பாதையோரத்தில் ஒன்றரைச் சுவர் மட்டும் மிஞ்சிய ஒரு கல் கொட்டகை. அதன் முன்னால் நின்று, இதுதான் அந்த வீடு, எமிலி சின்ன வயதில் இங்கேதான் வளர்ந்தாள் என்றார் வழிகாட்டி. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்பா ஒரு சுற்று சுற்றிவந்து, எமிலி வளர்ந்தது ஹாவொர்த்தில் அவளுடைய தகப்பனார் பாதிரியாராக இருந்த வீட்டில் அல்லவா, அது 1928 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறதே என்று மெதுவாகக் கேட்டார். அந்த ஆள் பதிலே சொல்லவில்லை. மழை வரப்போகிறது, திரும்பலாம் என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

பப்புக்குத் திரும்பியபோது மணி 2.40. சமையலறை மூடியிருந்தது. வழிகாட்டி வாசலில் நின்று ஆளுக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, மூன்று மணிக்கு அடுத்த குழு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அந்தப் பப் அம்மாள்தான் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மூடிய சமையலறையைத் திறந்து எங்களுக்கு டீயும் சீஸ் சாண்ட்விச்சும் செய்து தந்தார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. அவர் பெயரையும் சேர்த்துத்தான் அந்த நிறுவனம் விற்றிருக்கிறது.

ஹாவொர்த்தில் இரண்டு ராத்திரி தங்கும்படி அறை எடுத்திருந்தோம். சாயங்காலம் ஒரு கடையில் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் (அந்தப் பகுதிக்கு ஓ.எல். 21) வாங்கி விரித்துப் பார்த்தேன். ஸ்டான்பரியிலிருந்து டாப் விதென்ஸ் சுமார் 2 மைல். எங்களை நிறுத்தியது பாதித் தூரம்கூட இல்லை. நான் கொதித்துப்போய்ச் சொன்னதும் அப்பா, “எனக்கு அங்கேயே தெரியும்மா. காசு போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கே, உன் முகம் வாடிடுமேன்னுதான் சொல்லலை” என்றார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் நாங்களாகவே போனோம். வழியில் கைகாட்டிப் பலகைகளில் ஆங்கிலத்தோடு ஜப்பானிய எழுத்திலும் டாப் விதென்ஸ் என்று போட்டிருக்கிறது. ஜப்பானிலிருந்து அத்தனை வாசகர்கள் வருகிறார்களாம். வழி தவறுவது கடினம். எடேலிலிருந்து ஸ்காட்லாந்து எல்லை வரை போகும் 268 மைல் பென்னைன் வே நடைபாதையும் வீட்டை ஒட்டித்தான் போகிறது. சேற்று நிலத்தில் கல் பலகைகள் பதித்திருக்கிறார்கள். இருபது அடிக்கு ஒருதரம் நின்று நின்று போக எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அப்பா ஒரு இடத்தில்கூடத் திரும்பிவிடலாம் என்று சொல்லவில்லை. தலைக்கு மேலே கர்லூ பறவைகள் கத்திக்கொண்டே இருந்தன. தூரத்தில் மேட்டு விளிம்பில் மரமும் சுவரும் தெரிந்ததும் அம்மாதான் முதலில், “அதுதானே!” என்றார்.

அங்கே கதவும் இல்லை, காவலும் இல்லை, கட்டணமும் இல்லை. எந்த நேரமும் யாரும் போகலாம். சுவரில் பிராண்ட்டி சங்கம் 1964இல் பதித்த கல்வெட்டு இருக்கிறது. இந்தக் கட்டடம் முழுதாக இருந்த காலத்திலும் நாவலில் வரும் வீட்டைப் போல இருந்ததில்லை, சூழல் மட்டும் எமிலியின் மனதில் இருந்திருக்கலாம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அப்பா அதை உரக்கப் படித்துவிட்டு, இரண்டாம் தடவையும் படித்தார். நாவலில் வாசலுக்கு மேல் 1500 என்று ஆண்டு செதுக்கியிருக்குமே, அதெல்லாம் இங்கே கிடையாது என்று அம்மாவுக்கு விளக்கினார். பிறகு சுவரில் சாய்ந்து காற்றைக் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கல்வெட்டு இல்லாத எந்தச் சுவரையும் டாப் விதென்ஸ் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

விளம்பரத்திலேயே நான் கவனித்திருக்க வேண்டியவை இருந்தன. கூரையே இல்லாத வீட்டுக்கு ‘உள்ளே நுழைந்து பார்க்கலாம்’ என்று தனிச்சலுகைபோல எழுதியிருந்தார்கள். மே மாதப் பயணத்துக்கு மேடெல்லாம் ஊதா நிறத்தில் ஹெதர் பூத்த படம் போட்டிருந்தார்கள். ஹெதர் பூப்பது ஆகஸ்டில். மே மாதத்தில் அந்த மேடு பழுப்பாகத்தான் இருக்கும். பப்பில் சாப்பாடு என்று சொன்னால் பப்புக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அதை நான் செய்யவில்லை.

பணத்தைக் கேட்டு எழுதினேன். வானிலையைப் பொறுத்துப் பாதை மாறலாம் என்ற ஒரு வரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்கும்போது அவர்கள் சொன்னதை நம்பி நாம் வாங்கியிருந்தால் அதுவும் ஒப்பந்தத்தில் சேரும். சொன்னபடி செய்யாவிட்டால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். கிரெடிட் கார்டில் வாங்கியதற்கு, கார்டு கொடுத்த வங்கியிடமே பணத்தைக் கேட்க வழிசெய்யும் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறதே என்று நினைத்தேன். அது ஒரு பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டினால்தான் செல்லும். எங்கள் டிக்கெட் ஒவ்வொன்றும் 49 என்பதால், வங்கி சார்ஜ்பேக் முறையில், அதாவது கார்டில் கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திருப்பி வாங்கும் முறையில், கேட்டிருக்கிறது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அந்தக் கொட்டகையின் முன் எடுத்த படம், அது எந்த இடம் என்று காட்டும் வரைபடக் குறி எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். எங்களோடு வந்த ஒரு தம்பதியிடமும் பேசி, அவர்களும் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

வங்கியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.